பூட்டிய கோயிலுக்குப் பனி வழியே

கேதார்நாத் கோயில் பூட்டியிருக்கிறது என்று எங்களுக்கு முதலில் சொன்னவன் பஸ் கொண்டக்டர். நான் நம்பவில்லை. அடுத்ததாகச் சொன்னவர் தேத்தண்ணீர்க் கடைக்காரர். அவரையும் நம்பவில்லை. பிறகு ஒரு பொலிஸ்காரரும் அதையே சொன்னபோது, இவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

எண்பத்து நான்காம் ஆண்டு மாசி மாதம். சிவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் திருக்கேதீச்சரச் சிவன் கோயிலில் அந்த நேரம் கால் வைக்க இடம் கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் போய் இறங்கும். அப்படியிருக்க, சிவராத்திரிக்குச் சிவன் கோயிலைப் பூட்டி வைக்கிற ஊர் உலகத்தில் எங்காவது உண்டா? தீபாவளிக்குப் பூட்டினால் சித்திரை கழியத்தான் திறப்பார்களாம், சாமியைப் பல்லக்கில் ஏற்றிக் கீழே வேறொரு ஊருக்குக் கொண்டுபோய் விட்டார்களாம். நல்ல கதை! அந்தக் கீழ் ஊருக்கு ஆள் பிடிக்கிற வேலை இது என்று அக்காவிடம் சொன்னேன்.

நான் உடுவிலில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். சீனி மூட்டையைத் தூக்கும்போதே வழியில் எவ்வளவு களவு போயிருக்கிறது என்று என் கை சொல்லிவிடும். மனிதர்களையும் நான் அப்படித்தான் தூக்கிப் பார்ப்பேன். அது தொழிலால் வந்த பழக்கம் என்பது என் கட்சி. பிறவிக் குணம் என்பது என் மனைவியின் கட்சி.

பயணம் வந்தவர்கள் மூன்று பேர். என் அக்கா சிவபாக்கியம், அவருடைய புருஷன் அத்தான், இங்கிலீஷ் கதைக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் நான். மூன்று பேராகப் பயணம் போனால் காரியம் கெடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. அதனால் புறப்படும்போது அக்கா வாசலில் கிடந்த ஒரு கல்லை எடுத்து நாலாவது ஆளாகப் பையில் போட்டுக்கொண்டார். அத்தான் புகையிலைத் தோட்டக்காரர். மூச்சு இழுப்பு வருத்தம் உள்ளவர். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்.

காரியம் என்னவென்றால், அக்காவின் ஒரே மகன் குகன். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு இருந்த பெடியன். கொழும்புக் கலவரம் முடிந்து அகதிகளாய் வந்து இறங்கிய சனத்துக்குக் கோயில் மடத்தில் சோறு பரிமாறிக்கொண்டு நின்றான். கேதாரகௌரி விரதம் தொடங்கிய கிழமை, ரியூசனுக்குப் போட்டு வாறன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த நாள் சைக்கிள் மட்டும் வந்தது. முகம் தெரியாத ஒருவன் வாசல் படலையில் சாத்திவிட்டுப் போயிருந்தான். துவக்குத் தூக்குகிற இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று ஊருக்கே விளங்கியது. உயிரோடு இருக்கிறானா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

"கேதாரத்தானுக்கு நான் வருஷா வருஷம் இருபத்தொரு நாள் பட்டினி கிடந்தனான். அவரின்ரை விரத நாளிலைதான் பிள்ளை போனவன். அவரிட்டையே போய்க் கேக்கிறன்" என்று அக்கா சொன்னார். அத்தான் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு தலையை ஆட்டினார். அப்படித்தான் இந்தப் பயணம் தொடங்கியது.

கேதாரத்துக்குப் போகிற மலைப்பாதையில் ஒரு பாலத்தடியில் பஸ்ஸை மறித்து எங்கள் பைகளைத் திறக்கச் சொன்ன பொலிஸ்காரர் முதலில் எடுத்தது புழுக்கொடியல் கட்டு.

"இது என்ன?"

"சாப்பாடு."

"இது விறகு."

பனங்கிழங்கை அவித்து வெயிலில் காயவைத்தது என்று என்னால் ஆன இங்கிலீஷில் விளக்கினேன். ஒன்றைக் கடித்துப் பார்த்தார். பல்லைத் தடவிக்கொண்டு, "விறகுதான்" என்றார். பிறகு கல்லை எடுத்தார். அதை ஏன் கொண்டுபோகிறோம் என்று கேட்டார். எங்கள் நாலாவது ஆள் என்று நான் சொன்னதுதான் பிழை. எங்களுடைய பாஸ்போட்டுகளை எண்ணினார். மூன்று. "நாலாவது ஆள் எங்கே?" என்றார். கல்லைக் காட்டினேன். அவர் என்னை நீண்ட நேரம் பார்த்தார். எனக்கு அவரில் சந்தேகம், அவருக்கு எங்களில் சந்தேகம். பருத்தித்துறை வடை கட்டிய கடதாசிச் சரையை மட்டும் ஒரு சொல்லும் சொல்லாமல் பாதியாக்கிவிட்டுத் தந்தார்.

பஸ் அதற்கு மேல் போகாது என்றார்கள். மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. இருந்த ஒரே விடுதியில் அறை எடுத்தோம். விடுதிக்காரர் தந்த ரொட்டி தடிப்பாக, கருகிய மணத்தோடு இருந்தது. பருப்புக் கறியில் உறைப்பு என்பதே இல்லை. அத்தான் சந்தோஷமாகச் சாப்பிட்டார். நான் பருப்பைக் கிளறிக் கிளறிப் பார்த்தேன்.

சாப்பிட்டு எழும்பிப் பார்த்தால் அக்காவைக் காணவில்லை. வெளியே ஒரு லொறி றைவரிடம் எதையோ நீட்டிக்கொண்டு நின்றார். நான் கிட்டப் போனதும் கையைச் சீலைத் தலைப்புக்குள் இழுத்தார்.

"உதென்ன அக்கா கையிலை?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததை ஏன் ஒளிக்கிறியள்?"

சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு காட்டினார். குகனுடைய படம். அடையாள அட்டைக்கு எடுத்தது.

"அவன் உந்த மலைப் பக்கம் எங்கையோ நிக்கிறானாம், தம்பி. பனி கொட்டுற மலையாம். அங்கை வைச்சுத்தான் பெடியளுக்குச் சண்டை பழக்குறாங்களாம். கதை வந்தது."

"ஆர் கொண்டுவந்த கதை?"

"பேர் சொல்லேல்லை. படலையிலை நிண்டு சொல்லிப்போட்டுப் போட்டான்."

"இந்தியாவிலை எத்தினை மலை இருக்கு, அக்கா! இது எங்கடை கீரிமலையே?"

"பனி கொட்டுற மலை எண்டால் கேதாரம்தானே?" என்றார் அக்கா, அதற்கு மேல் கதை இல்லை என்பது போல.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அக்காவுக்கு மட்டுமா? உடுவிலில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். பனிமலை என்றால் எங்களுக்குத் தேவாரத்தில் வருகிற கேதாரம், அதை விட்டால் கயிலாயம். வேறு மலையில் பனி பெய்யும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? கோயில் பூட்டு என்று எல்லாரும் சொல்லியும் அக்கா ஏன் அசையவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கேதாரத்தானுக்கு வைத்த நேர்த்திக்கடன் உண்மை. ஆனால் நேர்த்தி மட்டும் இல்லை. கூடப் பிறந்தவனிடமே மறைத்துக் கூட்டி வந்திருக்கிறார்! அத்தானுக்கும் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரோடும் நான் கதைக்கவில்லை.

மறுநாள் காலையில் கேசர் சிங் வந்து சேர்ந்தான். யாரும் கூப்பிடவில்லை. விடுதி வாசலில் நின்று, மேலே போவதென்றால் தானே கூட்டிப்போவதாகச் சொன்னான். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்பு பட்டாளத்தில் இருந்தவன். பட்டாளத்து இங்கிலீஷ் கொஞ்சம் இருந்தது. மிச்சத்தைக் கையாலும் காலாலும் சொல்லுவான். கூலி கேட்டபோது நாங்கள் நினைத்ததிலும் குறையச் சொன்னான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மலிவாகத் தருகிறவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அதற்கு முதல் நாள் பாலத்தடிப் பொலிஸ்காரரோடு அவன் தலையைத் தலையோடு வைத்துக் கதைத்துக்கொண்டு நின்றதை நான் கண்டிருந்தேன். அக்காவிடம் சொன்னேன்.

"உவன் பொலிசின்ரை ஆள். உவனோடை போகேலாது."

"ஆரோடை எண்டாலும் போவன். வழி தெரிஞ்சால் காணும்."

அன்று நடந்தது கௌரிகுண்டம் வரை. ஆற்றோரப் பாதை. ஆறு கல்லுகளை உருட்டுகிற சத்தம் ஓயாமல் கேட்டது. ஆறே இல்லாத ஊரில் பிறந்த எங்களுக்கு அந்தச் சத்தத்தில் தலை வலித்தது. முதன்முதல் பனி கிடந்தது ஒரு திருப்பத்தில், நிழல் பக்கத்தில். கையில் அள்ளி, என்னை அறியாமல் மூக்குக்குக் கொண்டுபோனேன். ஐஸ் என்றால் எனக்குக் குருநகர் மீன் பெட்டிதான் தெரியும். இதில் ஒரு மணமும் இல்லை. மணமில்லாத ஐஸில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கௌரிகுண்டத்தில் கடைகள் எல்லாம் பலகை அடித்துக் கிடந்தன. குளிருக்கு எல்லாரும் கீழே இறங்கிவிட்டார்களாம். ஒரே ஒரு மடத்தில் ஒரு கிழவர் இருந்தார். அங்கே வெந்நீர் ஊற்று உண்டு. எங்கள் நாட்டுக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் போல, ஆனால் அதைவிடச் சூடு. அத்தான் காலைத் தண்ணீரில் விட்டவர் எழும்ப மாட்டேன் என்றார். ஏற்றத்தில் இழுப்புக் கூடிப்போயிருந்தது. அதற்கு மேல் அவரால் ஏலாது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"இஞ்சருங்கோ, நீங்கள் இதிலை இருங்கோ. நாங்கள் போட்டு வாறம்" என்றார் அக்கா.

அத்தான் மனைவியின் கையைப் பிடித்துவிட்டு விட்டார்.

கேசர் சிங் தன் நிபந்தனையைச் சொன்னான். கோயில் வரை போக முடியாது. பாதி வழியில் ராம்பாடா என்று ஓர் இடம், அதுவரைதான். விடியமுன் புறப்பட வேண்டும், வெயில் ஏறமுன் திரும்ப வேண்டும். தான் சொன்னால் நிற்க வேண்டும், தான் சொன்னால் வாயை மூட வேண்டும். அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் சின்ன வயதிலிருந்தே அறிவேன். தான் நினைத்ததைத்தான் செய்யப்போகிறார் என்று அர்த்தம்.

சிவராத்திரி விடிந்தது. அக்கா முழுகி, திருநீறு பூசி, தண்ணீர் கூடக் குடிக்காமல் புறப்பட்டார். காலில் ரப்பர் செருப்பு. நான் ஹரித்துவாரில் ஒரு பழைய சப்பாத்து வாங்கியிருந்தேன். அக்கா வாங்கவில்லை. ஆனால் அங்கே ஒரு கம்பளிக் கடையில் சப்பாத்துக்குள் போடுகிற தடித்த மேசு ஒரு சோடி வாங்கிப் பையில் வைத்ததைக் கண்டிருந்தேன்.

"அக்கா, அந்த மேசுச் சோடியை எண்டாலும் போடுங்கோ. விறைக்கப்போகுது."

"அது எனக்கில்லை. அது அவன்ரை."

கேசர் சிங் அக்காவின் காலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் தோளைக் குலுக்கினேன். அவன் ஒரு சாக்கைக் கிழித்து அக்காவின் காலில் செருப்போடு சேர்த்துக் கட்டிவிட்டான்.

இருட்டு விலகும் நேரம். பனி இறுகிக் கல்லுப் போல் கிடந்தது. சப்பாத்து அதன் மேல் கரகரவென்று சத்தம் போட்டது. சில இடத்தில் தண்ணீர் வழிந்து கண்ணாடியாக உறைந்திருந்தது. அதில் காலை வைத்த முதல் தடவையே நான் குந்தியபடி சறுக்கி ஒரு மரவேரில் போய் நின்றேன். கேசர் சிங் சிரித்தான். அக்காவும் சிரித்தார். விரதக்காரி சிரிக்கலாமோ என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கேசர் சிங்கின் கையில் ஒரு நீளத் தடி. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் பனியில் அதைக் குத்துவான். குத்திவிட்டு நின்று மேலே பார்ப்பான். குருநகர் ஆட்கள் கரைக்கடலில் மரக்கோலால் தரை பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் மேலே பார்ப்பதில்லை. யாருக்குக் குறிப்புக் காட்டுகிறான்? மேலே யார் இருக்கிறார்கள்? நானும் மேலே பார்த்தேன். வெறும் வெள்ளைச் சரிவு.

நடுவில் ஓர் இடத்தில் மலையிலிருந்து பனி வாய்க்கால் போல இறங்கிப் பாதையை மூடிக் கிடந்தது. அங்கே எங்களை நிறுத்தினான். ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும். பேசவே கூடாது. முதலில் அக்கா. நான் மாட்டேன் என்றேன். அக்காவைத் தனியே அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு இவன் என்ன செய்வானோ? அவன் தடியால் மேலே காட்டினான். அந்த நேரம் பார்த்து, மேலே எங்கோ கொஞ்சப் பனி பிரிந்து, சுளகிலிருந்து மா சரிவது போல எங்கள் முன்னால் வந்து விழுந்தது. நான் வாயை மூடினேன். அக்கா உதட்டை மட்டும் அசைத்துச் சிவசிவ என்றபடி கடந்தார். அந்த இடத்தில் எனக்கு வந்த பயத்தை வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

அந்தப் பக்கம் போனதும் அக்கா நின்றார். பனியில் சப்பாத்துத் தடங்கள். நாலைந்து பேர் மேலே போயிருந்தார்கள்.

"தம்பி, ஆரோ போயிருக்கினம்!"

கேசர் சிங்கைக் கேட்டேன். விறகு வெட்டப் போனவர்கள் என்றான். இவ்வளவு மேலே, இந்தப் பனியில், விறகு வெட்டவா? எனக்கு அவன் சொன்னது பிடிக்கவில்லை. அக்காவோ கேட்கவே இல்லை. அந்தத் தடங்களைப் பார்த்தபடி ஓட்டமும் நடையுமாகப் போகத் தொடங்கிவிட்டார். காலில் கட்டிய சாக்கு அவிழ்ந்து இழுபட்டது. ஒரு செருப்பு பனிக்குள் புதைந்துபோனது. நின்று எடுக்கவில்லை. நாங்கள் பின்னால் ஓடினோம்.

தடங்கள் ராம்பாடாவில் ஒரு கொட்டில் வாசலில் முடிந்தன. உள்ளே நாலு பேர், தலையில் கம்பளிச் சால்வை, பக்கத்தில் கோடரியும் கயிறும். அடுப்பு மூட்டித் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்கள். விறகு வெட்டுகிறவர்கள்தான். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

செருப்பில்லாத கால் வெள்ளைக் கடதாசி போல இருந்தது. கிள்ளினாலும் தெரியவில்லை என்றார். கேசர் சிங் அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்தான். நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோகவில்லை. தன் சட்டையைத் திறந்து, காலை வயிற்றோடு வைத்து அணைத்துக்கொண்டான். முன்பின் தெரியாத ஆம்பிளை ஒருவன் என் அக்காவின் காலை அப்படி வைத்திருப்பதை உடுவிலில் கண்டால் நான் கத்தியெடுத்திருப்பேன். கொட்டிலுக்குள் பேசாமல் நின்றேன்.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "பொலிஸ்காரர் உன்னிடம் என்ன சொன்னார்?"

அவன் மறைக்கவில்லை. "இவர்கள் யாருக்கோ படம் காட்டுகிறார்கள். கூடப் போய் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வந்து சொல் என்றார்."

நான் நினைத்தது சரி! அந்தக் குளிரிலும் எனக்குக் கொஞ்சம் பெருமை வந்தது. "என்ன சொல்லப் போகிறாய்?"

"வயசானவர்கள். நிறையச் சாப்பாடு. ஒரு கல்."

பிறகு அவனாகவே கதைக்கத் தொடங்கினான். அக்காவின் காலைத் தேய்த்தபடி, இப்படியான கால்களை மார்கழியில் கண்டேன் என்றான். இங்கே இல்லை. மேற்கே, இரண்டு நாள் பஸ்ஸில் போகிற தூரம். அங்கே ஒரு மலையில் சாமான் சுமக்கிற வேலைக்குப் போயிருந்தானாம். லொறியில் கொஞ்சப் பெடியன்களைக் கொண்டுவந்து இறக்கினார்களாம். கறுத்தவர்கள். உங்களைப் போலத்தான் கதைத்தார்கள் என்றான்.

பொறி வைக்கிறான் என்று நினைத்தேன். நாங்கள் ஆர்வம் காட்டினால் போய்ச் சொல்லுவான். "அவர்கள் எங்கள் ஆட்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று வேண்டுமென்றே சலிப்பாகக் கேட்டேன்.

"ஒருத்தனிடம் ஒரு போத்தல் இருந்தது. கருஞ்சிவப்புத் தூள். வறுத்த மணம். ரொட்டிக்கு, சோற்றுக்கு, உருளைக்கிழங்குக்கு, எல்லாவற்றுக்கும் அதைத்தான் போட்டார்கள். எனக்கும் கொஞ்சம் தந்தார்கள். இரண்டு நாள் நாக்கு எரிந்தது."

 வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள். அது எங்கள் அடுப்படியைத் தவிர வேறெங்கிருந்து வரும்? எந்தத் தாயோ கட்டிக் கொடுத்த போத்தல். அந்த மனிதன் பொய் சொல்லவில்லை.

மிச்சத்தையும் சொன்னான். அவர்கள் காலில் ரப்பர் செருப்புத்தானாம். சப்பாத்து வரும் வரும் என்றார்களாம், அவன் நின்ற வரைக்கும் வரவில்லையாம். அக்காவின் கழன்ற சாக்கையும் மிஞ்சிய செருப்பையும் தட்டிக் காட்டினான். பனிக்குள் ஓட விட்டார்களாம். ஒரு பெடியன் விழுந்துவிட்டானாம். அவனைத் தன் முதுகில் தூக்கி லொறி வரைக்கும் சுமந்தானாம். குனிந்து, கையைப் பின்னால் கட்டி, சுமந்த விதத்தையும் காட்டினான். பெடியனின் விரல்கள் கறுத்துப்போயிருந்தன என்றான். லொறி போய்விட்டது, பிறகு தெரியாது.

படத்தைக் காட்டினேன். அவன் அதை நெருப்பு வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தான். "எல்லாரும் காது வரை தொப்பி இழுத்திருந்தார்கள். சொல்ல முடியாது" என்றான்.

"என்னவாம்?" என்றார் அக்கா. அவ்வளவு நேரமும் அவன் வாயையும் கையையுமே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, என்ன சொல்லுறான்?"

ஒரு இறாத்தல் சீனியில் ஒரு கரண்டி குறைந்தால் ஊரைக் கூட்டுகிறவன் நான்.

"எங்கடை பெடியளைக் கண்டவனாம், அக்கா. மார்கழியிலை. இங்கை இல்லை, மேற்குப் பக்கம். நல்லாய் இருந்தவங்களாம். மிளகாய்த்தூள் போட்டு ரொட்டி தின்னுறாங்களாம்."

"குகன்?"

"தொப்பி போட்டிருந்தவங்களாம். முகம் வடிவாய்த் தெரியேல்லையாம்."

"காலுக்கு?"

"சப்பாத்து. எல்லாருக்கும் நல்ல சப்பாத்து, மேசு."

"முதுகிலை என்னவோ சுமந்த மாதிரிக் காட்டினான்?"

"மூட்டை, அக்கா. அவன்ரை வேலை அதுதானே. மூட்டை சுமந்தவனாம்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே அப்பா. சந்தேகக் குணத்தை அவர் எனக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நான் அடுப்பைப் பார்த்தேன்.

"சரி" என்றார் அக்கா.

கோயில் வரை போவோம் என்று அவர் கேட்கவே இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த வில்வத்தைக் கொட்டில் வாசலில், கோயில் இருக்கும் திக்கை நோக்கிப் பனியில் வைத்தார். கும்பிட்டார். கேசர் சிங் தன் காலில் சுற்றியிருந்த கம்பளிப் பட்டியை அவிழ்த்து அக்காவின் கால்களில் சுற்றிவிட்டான். வெயில் ஏறுகிறது, கெதியாக இறங்க வேண்டும் என்றான்.

அப்போது அக்கா பையைத் திறந்தார். அந்த மேசுச் சோடியை எடுத்து அவன் கையில் வைத்தார். மிஞ்சிய தன் ஒற்றைச் செருப்பைத் தொட்டுக் காட்டினார். அவன் காட்டியது போலவே குனிந்து முதுகில் ஒரு ஆளைச் சுமந்து காட்டினார். பிறகு மேற்கே கையை நீட்டினார்.

கேசர் சிங் என்னைத் திரும்பிப் பார்த்தான், நான் மொழிபெயர்ப்பேன் என்று. நான் குனிந்து என் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.  அவன் தானாகவே விளங்கிக்கொண்டு மேசுச் சோடியைச் சட்டைக்குள் வைத்தான்.

இறங்கும்போது பனி இளகிவிட்டது. காலையில் கல்லாய் இருந்த இடமெல்லாம் முழங்கால் வரை புதைந்தது. கேசர் சிங் முன்னால் போய் மிதித்து வழி செய்தான். அவன் மிதித்த குழியில் அக்கா, அக்கா மிதித்த குழியில் நான். வாய்க்காலடியில் மூச்சுக்கூட விடாமல் கடந்தோம். அதற்குப் பிறகும் யாரும் கதைக்கவில்லை. பசி தாங்காமல் நான் பின்னால் நின்று ஒரு வடையைக் கடித்தேன். சத்தம் கேட்டிருக்கும். அக்கா திரும்பவில்லை.

அத்தான் வெந்நீர் ஊற்றடியில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி, எழும்பியதால் இழுத்து, மறுபடி இருந்தார்.

"ஏதும் அறிஞ்சியளோ?"

"அறிஞ்சனாங்கள்" என்றார் அக்கா. அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, கம்பளிப் பட்டியை அவிழ்த்துக் காலைத் தண்ணீருக்குள் விட்டார். "பெடியள் நல்லாய் இருக்கிறாங்களாம். மேற்குப் பக்கமாம். மிளகாய்த்தூளும் கையோடை வைச்சிருக்கிறாங்களாம். எல்லாருக்கும் தடிச்ச சப்பாத்தாம், மேசாம். ஒரு குறையும் இல்லையாம்."

"அப்ப நீர் வாங்கின மேசு?"

"அவனுக்குத்தான் அங்கை குடுத்திருக்கே. பாவம், இந்த மனிசனுக்குக் குடுத்திட்டன்."

அத்தான் என் பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "உண்மையோ மச்சான்? நீ வடிவாய் விசாரிச்சனியோ? நீ சொன்னால் நம்புவன். நீதான் லேசிலை ஒண்டையும் நம்பாதனி."

அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசாரிச்சனான், அத்தான்" என்றேன். "சப்பாத்துத்தான்."